ஹெட்மாஸ்டர் செய்துவைத்த சமாதானம்

"சார், ரப்பரைக் குடுக்கச் சொல்லுங்க சார், அவன்கிட்ட."

"சார், தர முடியாதுன்னு சொல்லுங்க சார், அவகிட்ட."

பரமானந்தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக இரண்டு பேரையும் பார்த்தார். அக்காள் அருள்மேரி பாயின் இந்த ஓரத்தில், தம்பி உபகாரம் அந்த ஓரத்தில். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஓர் ஆள் தாராளமாகப் படுத்து உறங்கலாம்.

"ஏலே, கையெட்டுற தூரத்துலதானே இருக்கா? நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"பேச மாட்டேன் சார். நான் அம்மா கட்சி. அவ அப்பா கட்சி."

பரமானந்தத்துக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன ஜூனில்தான் ஹெட்மாஸ்டராக ரிட்டயராகி, வட்டக்கானலில் சொந்த வீட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார் அவர். உட்கார்ந்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை. அவரால் உட்கார முடியவில்லை. அதனால்தான் கீழ் வீட்டு டிரைவர் சூசைமுத்துவின் பிள்ளைகள் இரண்டையும் சாயங்காலத்தில் கூப்பிட்டு வைத்து வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்சியா? அது என்னத்தா கட்சி?" என்று அருள்மேரியைக் கேட்டார்.

"அம்மாவும் அப்பாவும் பேசிக்கிறதில்ல சார். அப்பா சொல்றத நான் போய் அம்மாகிட்ட சொல்லணும். அம்மா சொல்றத இவன் வந்து அப்பாகிட்ட சொல்லுவான்."

"திட்டுறதையுமா?"

"அத மட்டும் அவங்களே நேரா சொல்லிக்கிருவாங்க சார்."

உபகாரம் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "அம்மா அது பொறந்த ஊரு பாச்சலூருக்கே போயிருவேன்னு சொல்லுது சார். போனா நான் அம்மாகூடவாம். இவ அப்பாகூடவாம். எங்களுக்கு ரப்பர் ஒண்ணுதான் இருக்கு. அதான் இப்பவே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அவன் அழவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலத்தான் சொன்னான். ஆனால் இந்தப் பக்கம் முதுகு திருப்பியிருந்த அருள்மேரியின் சடை லேசாக ஆடியது. பரமானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு மூடுபனி எதுவும் இல்லை.

பிள்ளைகள் போனதும் அவர் யோசனையோடு அடுப்படிக்குள் நுழைந்தார். யோசிக்க வேண்டுமென்றால் அவர் அடுப்படிக்குத்தான் போவார்.

"சீரகம் எங்க?" என்றாள் மனைவி ஞானம்மா, திரும்பிப் பாராமலே.

"சகர வரிசையில பாரு ஞானம். கடுகு, சீரகம், சோம்பு, மஞ்சள், மிளகு, வெந்தயம். அகர வரிசைப்படி அடுக்கி வெச்சிருக்கேன். கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்."

"முப்பது வருஷமா கண்ண மூடிக்கிட்டுத்தான் எடுத்தேன். இப்பத்தான் கண்ண முழிச்சுக்கிட்டுத் தேடுறேன்."

"பழக்கத்துல வர்றதுக்குக் கொஞ்ச நாளாகும். அப்புறம், வெங்காயத்த நீளவாக்குல நறுக்குனா…"

"நீங்களே நறுக்கி, நீங்களே சமைச்சு, நீங்களே தின்னுங்க!"

பரமானந்தத்தின் அகராதியில் இதற்குச் சண்டை என்று பெயரில்லை. கருத்துப் பரிமாற்றம். அது வெள்ளனே காப்பியோடு தொடங்கி விளக்கணைக்கும்வரை நடக்கும். பக்கத்து அறையில் மகள் இசபெல்லா ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள். மலைக்குளிர் காதுக்கு ஆகாது என்று பெண்ணுக்கே தெரிந்திருப்பதில் அவருக்குப் பெருமை.

"இசபெல்லா, சூசைமுத்து வீட்டுச் சங்கதி தெரியுமா?" என்று அங்கே போய்ச் சொன்னார்.

அவள் பஞ்சை எடுத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"பாவம்ப்பா அந்தப் பிள்ளைங்க. சண்டை போடுறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. நீங்க போய்ப் பேசுங்கப்பா. உங்களாலதான் முடியும். இப்பவே போங்க."

மகள் சொன்னதில் இருந்த வேகம் அவரையே ஆச்சரியப்படுத்தியது. சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினார்.

சூசைமுத்துவின் மனைவி கித்தேரியம்மாள் வட்டக்கானலில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தாள். அவள் சொன்ன விவரம் இதுதான்.

தை மாதம் கல்யாணமான மெட்ராஸ் ஜோடி ஒன்று ஹனிமூனுக்கு வந்து அங்கே தங்கியது. உப்புமா பரிமாறும்போது அந்தப் பெண் சிரித்துச் சிரித்துச் சொன்னாளாம்: "எங்க டாக்ஸி டிரைவர் பாவங்க. தங்கச்சியைப் பார்த்துச் சம்மதம் சொன்னவருக்கு அக்காவைக் கட்டி வெச்சுட்டாங்களாம்!"

"வண்டி என்ன கலருன்னு கேட்டேன் சார். பச்சை அம்பாசிடர், முன்னால அந்தோணியார் படம்ன்னாங்க. கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டேன்."

"சவாரிக்கு வர்றவங்க 'உங்களுக்கு லவ் மேரேஜா'ன்னு கேப்பாங்க சார்," என்றான் சூசைமுத்து வாசல்பக்கமிருந்து. "சும்மா வேடிக்கைக்கு ஒண்ணு சொல்லுறது. சிரிச்சுட்டா அடுத்த நாளும் நம்ம வண்டியவே கேப்பாங்க. வெறும் டூரிஸ்ட் பேச்சு."

பரமானந்தத்துக்கு மனம் லேசாகிவிட்டது. இவ்வளவுதானா! உண்மையைச் சொல்ல வைத்தால் தீர்ந்தது. பள்ளிக்கூடத்தில் எத்தனை வழக்குத் தீர்த்தவர் அவர்!

"சூசை, இங்க வா. நேரா நில்லு. கையக் கட்டாத. என் கண்ணப் பாத்துச் சொல்லு. நீ சொன்னது பொய்தானே?"

அங்கேதான் வினை. சூசைமுத்து அவரிடமே ஐந்தாம் வகுப்பு படித்தவன். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் அன்றைக்கும் முடிந்ததில்லை.

"சார்…" என்று எச்சிலை விழுங்கினான். "பொண்ணு பாக்கப் போனப்ப காப்பி கொண்டாந்தது தங்கச்சி சார். அதுதான் பொண்ணுன்னு நெனச்சுத் தலையாட்டிட்டேன். கோயில்ல தாலி மந்திரிக்கிற அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஆனா சார், அதுக்கப்புறம்…"

"போதும்!" பரமானந்தம் கையை உயர்த்தினார். "உண்மை வெளிய வந்துருச்சு. கித்தேரியம்மா, உண்மையைச் சொன்னவன மன்னிக்கிறதுதான் அழகு."

கித்தேரியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் இத்தன நாளும் பொய்யின்னு நெனச்சுல்ல சார் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

கதவைப் படாரென்று சாத்தினாள். அந்த வேகத்தில் கூரைத் தகரத்திலிருந்து துரு உதிர்ந்து ஹெட்மாஸ்டரின் சால்வையில் விழுந்தது.

அடுத்த நாள் அருள்மேரி வந்து, "அம்மா முந்தி கோவமா இருந்துச்சு சார். இப்ப அழுதுக்கிட்டு இருக்கு," என்று அறிவித்தாள்.

பரமானந்தம் அசந்துவிடவில்லை. முதல் மாத்திரை கேட்காவிட்டால் டாக்டர் இரண்டாவது மாத்திரை கொடுப்பதில்லையா? சூசைமுத்து மதுரைக்குச் சவாரி போகிறான் என்று தெரிந்ததும், காரை மேட்டிலேயே மறித்தார்.

"ஒரு சேலை எடுத்துட்டு வா."

"எடுக்கத்தான் சார் நெனச்சேன்."

"இரு, முழுசாக் கேளு. ஒண்ணு எடுக்காத, ரெண்டு எடு. ஒரே மாதிரி ரெண்டு. ஒண்ணு கித்தேரியம்மாளுக்கு, ஒண்ணு அவ தங்கச்சிக்கு."

சூசைமுத்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். "தங்கச்சிக்கு எதுக்கு சார்?"

"அங்கதான் விஷயமே இருக்கு. தங்கச்சிய ஒளிச்சு வெச்சுப் பேசினாத்தான் சந்தேகம் வரும். வெளிப்படையாக் குடுத்துட்டா, உன் மனசுல ஒண்ணுமில்லன்னு ஆயிருது. குடுக்கையில, 'எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்'னு ஒரு வார்த்தை சொல்லு. அத மட்டும் மறந்துராத."

சூசைமுத்து மறக்கவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்து, வார்த்தை பிசகாமல் சொன்னான்.

அன்று மாலை வட்டக்கானலில் மூடுபனி விலகியபோது, சூசைமுத்து வீட்டுப் பேரிக்காய் மரத்தின் உச்சியில் இரண்டு சிவப்புச் சேலைகள் பறந்துகொண்டிருந்தன. கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஏதோ திருவிழா என்று நினைத்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

இதில் ஒரே ஒரு நல்லது நடந்தது. உபகாரம் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னான்: "அம்மா பாச்சலூருக்குப் போகலயாம் சார். அங்க சித்தி இருக்காங்கள்ல!"

ஆனால் அவனும் அக்காளும் இன்னும் முதுகு திருப்பியே உட்கார்ந்தார்கள். முன்னைவிடத் தூது அதிகமாகிவிட்டது. அருள்மேரி சோற்றுத் தட்டோடு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்து தின்கிறாள் என்று கேள்விப்பட்டதும், பரமானந்தம் தாமாகவே நிலைப்படியில் போய் நின்றார்.

"ரெண்டு பேரும் கேளுங்க. பெரியவங்க பேச்சச் சின்னப் பிள்ளைங்க தலையில சுமத்துறது பாவம். இனிமே அதுங்க மூலமா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"பின்ன யாரு மூலமாப் பேசுறது?" என்று சூசைமுத்து கேட்டான்.

"என் மூலமாப் பேசுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஆனால் ஹெட்மாஸ்டர் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குவதில்லை.

அன்று முதல், சாயங்காலமானால் பரமானந்தம் அந்த வீட்டுக்குப் போய், முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே தொங்கும் சாக்குத் திரையோரம் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

முதல் நாள் முதல் தூது முன்னறையிலிருந்து கிளம்பியது.

"சார், சட்டையில பொத்தான் பிஞ்சு கெடக்குன்னு சொல்லுங்க."

பரமானந்தம் திரையை விலக்கினார். "கித்தேரியம்மா, சூசைமுத்துவின் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டதாம்."

"பிஞ்சு கெடக்குன்னுதானே சொன்னாரு? ஏன் சார் மாத்திச் சொல்றீங்க?"

"பொத்தான் பிய்யாதும்மா. நூல் அறும். துணிதான் பிய்யும்."

"துணியும் பிஞ்சுதான் கெடக்கு சார்!" என்றது முன்னறை.

"அப்ப அதத் தனியாச் சொல்லணும். ரெண்டு வாக்கியம். நல்லா யோசிச்சு மறுபடி சொல்லு."

அடுப்படியில் கித்தேரியம்மாளுக்குத் திடீரென்று புரையேறியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். முன்னறையில் சூசைமுத்துவுக்கும் அதே நேரத்தில் பலமான இருமல். விறகுப் புகை என்று பரமானந்தம் எண்ணிக்கொண்டு, போகும்போது இரண்டு பேருக்கும் சித்தரத்தைக் கஷாயம் சிபாரிசு செய்துவிட்டுப் போனார்.

தூது வேலை இல்லாமல் போனதும் பிள்ளைகளின் முதுகுகள் மெல்லத் திரும்பின. பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள், பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். அப்புறம் ஒரு நாள் இரண்டும் கிள்ளிக்கொண்டு அடித்துப் புரண்டன. பரமானந்தத்துக்கு அதைப் பார்க்கக் கண்கொள்ளவில்லை.

பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பெற்றவர்கள்தான் தேறுவதாக இல்லை. சண்டையின் காரணங்களும் அவருக்கு வரவரப் பிடிபடவில்லை. தங்கச்சி விவகாரம் எங்கேயோ போய்விட்டது. ஒரு நாள் மழை வருமா வராதா என்று சண்டை. இன்னொரு நாள் பேத்துப்பாறைக்குப் போகிற பஸ் நீலமா பச்சையா என்று சண்டை.

"ஏலே சூசை, இன்னைக்கு எதுக்குலே சண்டை?"

"அது வந்து…" சூசைமுத்து தலையைச் சொறிந்தான். திரையைப் பார்த்தான். "எதுக்கு கித்தேரி?"

"சௌசௌவுக்கு," என்றது அடுப்படி.

பரமானந்தம் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "நேரா பேசிட்டீங்க! ரெண்டு பேரும் நேரா பேசிட்டீங்க!"

சூசைமுத்து கையும் களவுமாகப் பிடிபட்டவன்போல விழித்தான்.

"நான் எங்க சார் பேசுனேன்?" என்றாள் கித்தேரியம்மாள் அவசரமாக. "சௌசௌவ நறுக்கிக்கிட்டே அதுகிட்ட பேசுனேன்."

"நானும் செவுத்தப் பாத்துத்தான் சார் கேட்டேன்," என்றான் சூசைமுத்து.

திரையை விலக்கிப் பார்த்தபோது கித்தேரியம்மாள் ஒரு சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். எங்கேயோ பார்த்த சேலையாக இருந்தது.

"இது அந்தச் சேலைதானே கித்தேரியம்மா?"

"அதேதான் சார். மரத்துலயே கெடந்தா காக்கா கூடு கட்டிரும். அதான் எடுத்து உடம்புல போட்டுவெச்சேன். மத்தபடி கோவம் அப்படியேதான் இருக்கு."

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலம் வந்ததும் பரமானந்தம் ஒரு புது அஸ்திரம் எடுத்தார். "தபசு காலத்துல சண்டை போடலாமா? ஆண்டவருக்கு அடுக்குமா?"

"தபசு காலத்துல சந்தோசமாத்தான் இருக்கக் கூடாது சார்," என்றான் சூசைமுத்து பணிவாக.



வீட்டில் ஞானம்மா மாறிப்போயிருந்தாள். அவர் கிளம்பும் நேரத்துக்குச் சால்வை, மப்ளர், டார்ச் லைட், பிளாஸ்கில் சுக்குக் காப்பி எல்லாம் தயாராக இருக்கும். அவர் திரும்பி வந்து அன்றைய சமாதானப் பேச்சை விவரிக்கும்போது, அவள் பின்னலூசியை நிறுத்தாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே 'ம்' கொட்டுவாள். சொல்ல அவ்வளவு கதை இருந்ததால் அவருக்கு அடுப்படிப் பக்கம் போகவே நேரமில்லை. மிளகு டப்பா கடுகுக்கு முன்னால் நிற்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்ல முடிச்சுருவேன்," என்றார் ஒரு நாள்.

"அவசரப்படாதீங்கப்பா," என்று இசபெல்லா புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். "அவசரப்பட்டா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுரும். நிதானமாப் பண்ணுங்க."

இந்த வயதில் இவ்வளவு விவேகம்! என்னைப்போலவே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் அவருக்குச் சளி பிடித்துக் காய்ச்சல் கண்டது. இன்றைக்குத் தூது கிடையாது என்று கம்பளியைப் போர்த்திப் படுத்தார். படுத்தவர் சும்மா இருக்கவில்லை.

"ஞானம், கஷாயத்துல மிளகத் தட்டிப் போடணும். முழுசாப் போடக் கூடாது."

"தட்டித்தான் போட்டிருக்கேன்."

"தட்டுன சத்தம் கேக்கலியே?"

"உங்க காதுக்குள்ள வந்து தட்டட்டுமா?"

"நான் ஒரு யோசனை சொன்னா…"

"எட்டு மாசமா யோசனைதான் சொல்லுறீங்க! ஒரு நாளாவது…"

கருத்துப் பரிமாற்றம் சூடு பிடித்தது. பக்கத்து அறையில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. பிறகு பின்கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் சூசைமுத்து வந்து நின்றான்.

"சார்! வெரசா வாங்க சார்! வீட்ல பாத்திரம் பறக்குது!"

"காய்ச்சலப்பா எனக்கு…"

"நீங்க வரலைன்னா கொலை விழுந்துரும் சார்!"

கம்பளியோடும் மப்ளரோடும் அவரைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கிக் கொண்டுபோனான். அங்கே கித்தேரியம்மாள் அமைதியாக உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்து, சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு தம்ளரை எடுத்துச் சுவர்மேல் போட்டாள். 'டங்'கென்றது.

"பாத்தீங்களா சார்?" என்றான் சூசைமுத்து.

பிறகு அவளே அவரை அடுப்போரமாக உட்காரவைத்து, மிளகு ரசம் ஊற்றிக் குழையக் குழையச் சோறு போட்டாள். சூசைமுத்து அவர் காலுக்குத் தைலம் தேய்த்தான். தங்கள் வீடு பற்றியெரியும்போதும் அடுத்தவன் காய்ச்சலைக் கவனிக்கிறார்களே என்று பரமானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களைச் சேர்த்துவைக்காமல் கண்ணை மூடக் கூடாது என்று அங்கேயே தீர்மானித்தார்.

மலையில் வெயில் ஏறி, சீசனுக்கு ஆள் வரத் தொடங்கிய ஒரு மத்தியானம். இசபெல்லா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை மூலையில் எறிந்துவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள். அன்றைக்கு அவளுக்குக் கடைசிப் பரீட்சை என்று ஞானம்மா சொன்னாள். பரமானந்தம் அதை அரைக்காதில்தான் வாங்கினார். அவர் மனமெல்லாம் சாயங்காலப் பேச்சிலேயே இருந்தது. இன்றோடு முடித்துவிடுவது என்று, பள்ளி ஆண்டு விழாவுக்குத் தயாரிப்பதுபோலப் பேச்சைத் தயாரித்திருந்தார்.

போனதும் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டார். சாக்குத் திரையைத் தூக்கி ஆணியில் மாட்டினார்.

"சூசைமுத்து, கித்தேரியம்மா. கல்யாணங்கிறது என்ன? முதல் பாயிண்ட். நானும் ஞானமும் இருக்கோம். முப்பது வருஷத்துல ஒரு நாளாவது நாங்க பேசாம இருந்திருக்கோமா?"

"இல்லீங்க சார். அதான் கீழ வரைக்கும் கேக்குமே," என்றாள் கித்தேரியம்மாள்.

"ஆங், அதுதான் ஒற்றுமை! நீங்களும் அந்த மாதிரி…"

"சரிங்க சார்," என்றான் சூசைமுத்து.

"என்ன சரி?"

"ராசியாப் போயிட்டோம் சார்."

"ஆமாங்க சார்," என்றாள் கித்தேரியம்மாள். "நீங்க சொல்லுறதக் கேட்டு மனசு மாறிருச்சு."

"இருங்கப்பா! நான் இன்னும் ரெண்டாவது பாயிண்டுக்கே வரல!"

"மொதப் பாயிண்டுலயே திருந்திட்டோம் சார்," என்று சூசைமுத்து மனைவியின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தான். கித்தேரியம்மாள் அவன் தோளில் செல்லமாக ஒரு இடி இடித்துவிட்டு, அடுப்படிக்குள் போய் ஒரு தட்டு நிறையச் சுடச்சுடக் கேசரி கொண்டுவந்து ஹெட்மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"சமாதானமாகி ஒரு நிமிஷம்கூட ஆகல. கேசரி எப்பக் கிண்டுன?"

"உங்க மேல நம்பிக்கைதான் சார்," என்றாள்.

பரமானந்தம் கேசரியைத் தின்றார். இனி நாளைச் சாயங்காலம் முக்காலி இல்லை, தூது இல்லை. தம்மைத் தேடி யாரும் ஓடிவரப் போவதுமில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தின் அடியில் கொஞ்சம் ஏக்கமும் கிடந்தது. சூசைமுத்து அதைக் கண்டுகொண்டான் போலிருக்கிறது. "நீங்க எப்பவும்போல வாங்க சார். சண்டை இல்லாட்டியும் ரசம் இருக்கும்," என்றான்.

கிளம்பும்போது பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு அவருடன் மேட்டுப்படி ஏறின. பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார். கீழே அந்த வீட்டில் விளக்கேற்றிவிட்டார்கள். சூசைமுத்து என்னவோ சொல்வதும் கித்தேரியம்மாள் வாய்விட்டுச் சிரிப்பதும் மேலே கேட்டது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. வாத்தியார் நெஞ்சு நிறைந்தால் உபதேசமாகத்தான் வழியும்.

"ஏத்தா அருள்மேரி, உங்கப்பா அம்மாவுக்காக மட்டும் நான் இவ்வளவு பாடுபடல. வீட்ல பெரியவங்க ஓயாம சண்டை போட்டா பிள்ளைங்க படிப்புத்தான் பாழாப் போகும். அத நெனச்சுத்தான் தெனமும் வந்தேன்."

அருள்மேரி நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இசபெல்லாக்காவும் இதையேதான் சொல்லி எங்க வீட்ல வந்து அழுதுச்சு சார், அதான் நீங்க தூது வந்த மொத நாளே சிரிச்சு ராசியான எங்கம்மாவும் அப்பாவும், நீங்களும் வாத்தியாரம்மாவும் சண்டை போடாம இருக்கட்டும்னு அக்கா பரீட்சை முடியிற மட்டும் தெனமும் சண்டை போட்டாங்க!"